ஒன்பது வாரத்தில் கல்யாணம்: ஆடிக்கு முன்னால் எதை முடிப்பது?

கேள்வி: வணக்கம் மேடம். ஆவணி இரண்டாவது வாரம் எனக்குக் கல்யாணம், கும்பகோணத்தில். இன்னும் ஒன்பது வாரம்தான் இருக்கிறது. நான் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். அப்பா கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் அலைய முடியாது. அண்ணன் கோயம்புத்தூரில். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை; கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் வந்து, முடிந்து இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவார். மண்டபம், சமையல், போட்டோ மூன்றுக்கும் தை மாதமே அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. எக்செல்லில் 140 வரி போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் ஆரம்பித்திருக்கிறது, எதுவும் முடியவில்லை. பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் சண்டை. அப்பா 600 பேர் என்கிறார், அம்மா 900 என்கிறார். சம்பந்தி வீட்டில் முதலில் 200 என்றார்கள், இப்போது “பார்ப்போம்” என்கிறார்கள். கூரைப் புடவை இன்னும் எடுக்கவில்லை. அப்பாவிடம் கேட்டால் “எல்லாம் நடக்கும்மா, நீ உன் வேலையைப் பாரு” என்கிறார். எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. எதை எப்போது முடிப்பது என்று ஒரு ஒழுங்கு சொல்வீர்களா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஆடி என்ற சொல்லே இல்லை. காலண்டரை எடுத்துப் பாருங்கள். ஒன்பது வாரத்தில் ஆடி பிறக்க இரண்டரை வாரம் இருக்கிறது. ஆடி நாலரை வாரத்தை விழுங்கிவிடும். ஆவணியில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு வாரம். ஆடியில் பத்திரிகை அடிக்க உங்கள் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கூரைப் புடவை எடுக்க மாட்டார்கள். யார் வீட்டிலும் போய்த் தட்டு வைத்து அழைக்க மாட்டார்கள். உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஆடி பிறந்த பிறகு இதைச் சொல்லி வாதாட நேரம் செலவழிப்பது வீண். ஆகவே பெரியவர்கள் சம்மதம் தேவைப்படுகிற எல்லாமே அடுத்த இரண்டரை வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

ஆவணிக் கல்யாணம் என்றாலே இந்த நெருக்கடி உண்டு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அடுத்து வரும் புரட்டாசியிலும் பல குடும்பங்கள் செய்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆவணி முகூர்த்தங்களில் ஊரே கல்யாணம் வைக்கிறது. நீங்கள் தேடுகிற தையல்காரர், மாலை கட்டுகிறவர், மேளக்காரர், வேன்காரர் எல்லோரையும் அதே நாளுக்கு இன்னும் நாலு வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். பதற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரிக்கத்தான்.

உங்கள் 140 வரிக்கு வருவோம். அதில் பெரும்பாலானவை வேலைகள். வேலைகளைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். ஆளும் பணமும் இருந்தால் வேலை நடந்துவிடும். பத்திரிகை அச்சடிக்க எத்தனை நாள் ஆகும்? நல்ல அச்சகத்தில் ஒரு வாரத்துக்குள் கையில் கிடைத்துவிடும். ஆனால் யார் பெயர் முதலில் என்ற முடிவு இன்னும் நிற்கிறது. தூக்கத்தைக் கெடுப்பது இந்த மாதிரி நிற்கிற முடிவுகள்தான். இன்றைக்கு அந்தப் பட்டியலைத் திறந்து, யாரோ ஒருவர் “சரி” என்று சொன்னால்தான் நகரும் என்கிற வரிகளுக்கு மட்டும் சிவப்பு அடியுங்கள். அநேகமாகப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வராது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதுங்கள்: யார் சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள். மிச்ச வரிகளை ஆடி பிறக்கும்வரை மூடி வைத்துவிடுங்கள். திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால், வெல்கம் போர்டு எந்த நிறம் என்ற வரியும் கூரைப் புடவை வரியும் ஒரே அளவு பெரிதாகத் தெரியும்.

ஞாயிறு மாலை அரைமணி நேரம் அப்பா, அம்மா, அண்ணன், நீங்கள் நாலு பேரும் போனில் பேசுங்கள். சிவப்பு வரிகளை மட்டும் பேச வேண்டும். மற்ற நாளில் தோன்றுவதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொட்டாதீர்கள். அங்கே சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட அக்கா எல்லோரும் கருத்துச் சொல்வார்கள், முடிவு மட்டும் வராது.

முதல் சிவப்பு வரி பத்திரிகை. இந்தச் சண்டையில் நீங்கள் தலையிடவே கூடாது. கல்யாணப் பெண் சொல்லி ஒருவர் பெயர் கீழே போனால் அதை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார். அப்பாதான் முடிக்க வேண்டும், அதுவும் நேரில். அத்தை வீட்டுக்கு அவரே ஒரு நடை போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, “அண்ணன் பெயரில் அழைப்பு இருக்கட்டும்மா, உன் பெயரும் உன் வீட்டுக்காரர் பெயரும் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ல முதல் வரி” என்று சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலும் அத்தைகளுக்குப் பெயரின் இடத்தைவிட, தன்னிடம் வந்து கேட்டார்களா என்பதுதான் கணக்கு. போனில் சொன்னால் இது நடக்காது.

புரூஃப் வந்ததும் மூன்று பேர் தனித்தனியாகப் படியுங்கள். உறவினர் பெயரில் இனிஷியல், பட்டம் எல்லாம் பார்ப்பார்கள். யாரும் பார்க்காமல் விடுவது ஆங்கிலத் தேதிக்கும் தமிழ்த் தேதிக்கும் கிழமைக்கும் உள்ள பொருத்தம். பழைய பத்திரிகையைத் திறந்து அதன்மேலேயே புதியதை ஏற்றும் அச்சகத்தில் போன கல்யாணத்தின் கிழமையோ லக்னமோ அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை அப்பாவே சரிபார்க்கட்டும். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஆடிக்கு முன்னால் குலதெய்வத்துக்கும் தாய்மாமன் வீட்டுக்கும் வைத்துவிட்டால் போதும், சாங்கியம் தொடங்கியாயிற்று. மற்ற வீடுகளுக்கு ஆவணி பிறந்ததும் போகலாம். வெளியூர்க்காரர்களுக்குத் தேதியை மட்டும் இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாள் இருந்தது). உங்களுக்கு ஒன்பது வாரம் என்றால், சென்னையிலிருந்து வருகிற உறவுகளுக்கு டிக்கெட் திறக்கும் நாள் இந்த வாரமேதான். பத்திரிகை வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும்.

இரண்டாவது, தலைக்கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கல்யாணச் செலவில் பாதி இந்த ஒற்றை எண்ணில் தொங்குகிறது. இலை, தாம்பூலப் பை, அறை, வேன், நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. அப்பா 600, அம்மா 900 என்று சொல்வது கணக்கு இல்லை, மனக்கணக்கு. அப்பா செலவை நினைத்துச் சொல்கிறார், அம்மா யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று நினைத்துச் சொல்கிறார். ஒருவரையொருவர் ஒப்புக்கொள்ள வைக்க முயலாதீர்கள். அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய், பீரோவில் இருக்கும் மொய் நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் காதுகுத்து, அண்ணன் பூணூல், வீடு குடிபுகுந்தது என்று எது இருந்தாலும் சரி. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருக்கிற அந்த நோட்டைவிட நேர்மையான அழைப்புப் பட்டியல் உலகத்தில் கிடையாது. அதோடு அப்பா மற்ற வீடுகளில் எழுதிய மொய்யையும் கேளுங்கள். வங்கிக்காரர், எங்காவது எழுதி வைத்திருப்பார்.

வீடு வீடாக எழுதுங்கள், ஆள் ஆளாக வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே மூன்றில் ஒன்று: கட்டாயம் வருவார்கள், வரலாம், மரியாதைக்குப் பத்திரிகை. பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கட்டாயம் 120 வீடு, வீட்டுக்கு மூன்று பேர் என்றால் 360. வரலாம் என்பது 140 வீடு, வீட்டுக்கு இரண்டு பேர், அதில் பாதி வருவார்கள் என்று 140. மரியாதைக்கு 150 வீடு, பத்து வீட்டுக்கு ஒருவர் என்று 15. மொத்தம் 515. அப்பாவும் அம்மாவும் சொன்ன இரண்டு எண்ணும் இல்லாமல், இருவரும் சேர்ந்து எழுதிய ஓர் எண் கிடைத்துவிட்டது. இனி அதைப் பற்றிச் சண்டை வராது, ஏனென்றால் யாரைச் சேர்க்க வேண்டுமானாலும் எந்த வீடு, எந்தக் கட்டம் என்று சொல்ல வேண்டியிருக்கும். பத்திரிகை எண்ணிக்கையும் இங்கேதான் இருக்கிறது: 410 வீடு, கைமிச்சத்துக்கு ஐம்பது.

இந்த 515-ஐ அப்படியே சமையல்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். முதல்நாள் ராத்திரி ரிசப்ஷன் சாப்பாடு, காலை டிபன், முகூர்த்தச் சாப்பாடு மூன்றும் மூன்று கூட்டம். உள்ளூர்க்காரர்களும் அப்பாவின் பழைய அலுவலக நண்பர்களும் ராத்திரி வந்து கைகுலுக்கி மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காலை டிபனுக்கு மண்டபத்தில் தங்கியவர்களும் முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் வருகிற சொந்தமும்தான். மூன்று வேளைக்கும் தனித்தனி எண் கொடுங்கள். “இத்தனை இலைக்குக் குறையாமல் பணம் தருகிறோம், இதற்குமேல் பத்து சதவீதம் வரை கூடினாலும் சமாளிக்க வேண்டும்” என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு இலைக்கட்டை எண்ணி இறக்கி, ஒவ்வொரு பந்தி முடிந்ததும் மிச்ச இலையை எண்ணி, சமையல் சூப்பர்வைசரும் உங்கள் சித்தப்பா மகன் மாதிரி ஒரு பையனும் ஒரே சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பையன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே எண்ணக் கூடாது. சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சம்பந்தி வீட்டு எண்ணிக்கை தனிக் கலை. “எத்தனை பேர் வருவீர்கள்?” என்று பெண் வீட்டார் கேட்டாலே, குறைக்கச் சொல்கிறார்களோ என்று அவர்களுக்குத் தோன்றும். அதனால்தான் “பார்ப்போம்” என்கிறார்கள். ஆள் கணக்கைக் கேட்காதீர்கள். உங்கள் தாய்மாமனோ, இந்தச் சம்பந்தத்தை நடுவிலிருந்து பேசி முடித்த பெரியவரோ போன் பண்ணி, “சம்பந்தி, மண்டபத்துல உங்க பக்கத்துக்கு எத்தனை ரூம் ஒதுக்கணும்? பஸ்ல வர்றீங்களா, வேனா? எத்தனை வண்டிக்கு இடம் விடச் சொல்லட்டும்?” என்று கேட்கட்டும். உபசாரமாகக் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் வரும். இரண்டு பஸ், நாலு கார் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உள்ளூர் சொந்தம் எத்தனை பேர் என்பதை மட்டும் நீங்கள் மாப்பிள்ளையிடம் கேட்கலாம். அதற்குமேல் எந்தக் கொடுக்கல் வாங்கலும் நீங்கள் இருவரும் போனில் பேச வேண்டாம். தெரிந்த விஷயங்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள், பேரம் பெரியவர்களிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, கூரைப் புடவை. உங்கள் வழக்கத்தில் அதை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதாக இருந்தால், ஆனி முடிவதற்குள் ஒரு நாளை அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். காஞ்சிபுரம்தான் போக வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்காவிட்டால், கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே திருபுவனம் இருக்கிறது. காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், அம்மாவின் முழங்காலும் தாங்கும். புடவை கைக்கு வந்தால்தான் அதிலிருக்கும் பிளவுஸ் துணியை வெட்ட முடியும். ஆரி ஒர்க் என்றால் அடர்த்தியைப் பொறுத்து இரண்டு மூன்று வாரம் கேட்பார்கள். ஆடியில் கொடுத்தால் நிதானமாகச் செய்வார்கள். ஆவணியில் கொண்டுபோய் நின்றால், “முடியாதும்மா” என்று சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அவசரமாக முடித்துத் தருவார்கள். அது இன்னும் மோசம். அளவு கொடுக்கும்போது, கல்யாணத்துக்குள் ஐந்து கிலோ குறைத்துவிடுவேன் என்று சொல்லி இறுக்கமாகத் தைக்கச் சொல்லாதீர்கள். உள்ளே பிரிக்கத் தையல் துணி விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

இனி ஆடி. எல்லோரும் ஆடியைச் செத்த மாதமாக நினைக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த மாதம். யாரும் நல்ல நேரம் பார்க்கச் சொல்ல மாட்டார்கள், விருந்தினர் வர மாட்டார்கள், உட்கார்ந்து எழுத்து வேலை எல்லாம் முடிக்கலாம். வைத்துக் கொடுக்கிற வேட்டி, துண்டு, சாதாரணப் புடவைகளுக்கு ஆடித் தள்ளுபடி இருக்கிறது. இவை முகூர்த்தத் துணி அல்ல என்பதால் வீட்டில் தடை சொல்ல மாட்டார்கள். ஐயரிடம் சாமான் பட்டியல் வாங்கி வைக்கலாம். தாம்பூலப் பைக்குச் சொல்லிவிடலாம். மண்டபத்துக்கு ஒரு நடை போய், வாடகைக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று கேட்டு எழுதி வாங்கலாம்: கரண்ட் யூனிட் கணக்கு தனியா, ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது, துப்புரவுக்கு எவ்வளவு, எத்தனை மணிக்குச் சாவி கிடைக்கும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியம். ஆவணியில் உங்களுக்கு அடுத்த வேளையே வேறு கல்யாணம் இருக்கலாம். மதியம் இரண்டு மணிக்கு உங்கள் சொந்தக்காரர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வந்து நிற்பார்.

ஆடியிலும் எல்லோரும் ஒப்புக்கொள்கிற நல்ல நாள் பதினெட்டாம் பெருக்கு. காவிரிக்கரை வீட்டில் இதை நான் சொல்லவே வேண்டாம். நகை பாக்கி இருந்தால் அன்றைக்கு வாங்கலாம். கடையில் கூட்டம் நெரியும் என்பதால் மாடலை முன்பே பார்த்து வைத்துவிடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் எச்.யு.ஐ.டி. என்கிற, ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளக் குறியீடு இருந்தாக வேண்டும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் கடையிலேயே தட்டிப் பார்த்துவிடலாம். பழைய நகையைப் போட்டு மாற்றுவதாக இருந்தால் அதற்கு ஒரு நாள், புதிது வாங்க ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டும் செய்தால் எதில் எவ்வளவு போனது என்று தெரியாது.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். “எல்லாம் நடக்கும்மா” என்று ஓர் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னால், அநேகமாக அதன் பின்னால் பணம் இருக்கிறது. பணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த டெபாசிட் எப்போது முதிர்கிறது, சீட்டுப் பணம் எப்போது வரும், நகைக்கடன் வைக்க வேண்டியிருக்குமா என்பதையெல்லாம் அவர் தலைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருப்பார். மகளிடம் சொல்ல மனம் வராது. நீங்கள் “எவ்வளவு ஆகும்ப்பா?” என்று கேட்காதீர்கள். “எந்த வாரம் யாருக்குக் கொடுக்கணும்ப்பா, எழுதிடலாமா?” என்று கேளுங்கள். வங்கியில் வேலை பார்த்தவருக்குத் தேதி போட்ட தாள் கொடுத்தால் பேசத் தொடங்கிவிடுவார். மண்டபத்துக்கு இரண்டாம் தவணை, அலங்காரத்துக்கு அட்வான்ஸ், சமையலுக்கு மளிகைப் பணம், கல்யாணத்தன்று கொடுக்க வேண்டிய மிச்சம் என்று வாரவாரியாக ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எந்த வாரம் இறுகுகிறது என்பது அப்போதே தெரியும். நீங்களோ அண்ணனோ அந்த வாரத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். பெரிய தொகைகளை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து தடுக்கிறது. முறையாகத் தொழில் செய்கிறவர்கள் அவர்களே ரொக்கம் வேண்டாம் என்பார்கள்.

கல்யாணத்தன்று ரொக்கமாகப் போகிறவை சில உண்டு: மேளம், ஐயர் தட்சிணை, டிரைவர் பேட்டா, சமையல் ஆட்களுக்கு இனாம், ஆரத்தித் தட்டுக்குச் சில்லறை. இவற்றை முதல்நாளே கவரில் போட்டுப் பெயர் எழுதி ஒரு பையில் வைத்து, அண்ணன் அல்லது தாய்மாமன் கையில் கொடுத்துவிடுங்கள். அப்பாவிடம் வேண்டாம். அவர் மணையில் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஜெனரேட்டர்காரர் தோளைத் தட்டுவார்.

பூ விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஆவணியில் முகூர்த்தங்களோடு விநாயகர் சதுர்த்தியும் ஓணமும் அநேகமாகச் சேர்ந்து வரும். தோவாளையிலிருந்தும் திண்டுக்கல் பக்கமிருந்தும் பூ கேரளாவுக்குப் போகும், மல்லி விலை ஏறும். மாலை கட்டுகிறவரிடம் “அன்றைய விலை” என்று விடாமல், மாலை இத்தனை, உதிரி இவ்வளவு, சரம் இத்தனை முழம், மொத்தம் இவ்வளவு ரூபாய் என்று ஆடியிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஏறினால் அவர் பாடு, இறங்கினாலும் அவருக்கே. கொஞ்சம் கூடக் கேட்பார், கொடுங்கள்.

ஆடி முடியும்போது இன்னும் தொடங்காமல் இருக்கிற எதையும் அப்படியே அடித்துவிடுங்கள். மெஹந்திக்குத் தனி மேடை, ஹேஷ்டேக், உறவினர் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடை, இருவர் படம் போட்ட குவளை. இவை எதுவும் இல்லாமல் போனதாக ஒரு விருந்தாளிகூடக் கவனித்து நான் பார்த்ததில்லை. ரசம் ஆறிப் போயிருந்தால் மூன்று தலைமுறைக்குச் சொல்வார்கள்.

உங்கள் உடம்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பார்லரில் புதிதாக எது செய்வதானாலும் ஒரு மாதத்துக்கு முன்னால் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். கடைசி வாரத்தில் புது ஃபேஷியல் செய்து முகமெல்லாம் சிவந்து மேக்கப்பை ஏற்றி மறைத்த பெண்கள் நிறைய. மாதவிடாய்த் தேதி முகூர்த்தத்தோடு மோதுமா என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். தள்ளிப்போட வேண்டும் என்று வீட்டில் நினைத்தால், மகப்பேறு மருத்துவரை ஒரு மாதத்துக்கு முன்பே போய்ப் பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது, எப்போது தொடங்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கமே இல்லையென்றால் அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லீவைக் கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்து வைக்காமல், பத்து நாள் முன்னால் ஊருக்கு வரும்படி எடுங்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று மடிக்கணினியோடு வராதீர்கள். மீட்டிங்கில் இருக்கும்போது நலங்குக்குக் கூப்பிடுவார்கள்.

ஆவணியின் அந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு மூன்றே வேலை: நெருங்கிய வீடுகளுக்குப் பத்திரிகை வைக்கப் போவது, பிளவுஸ் போட்டுப் பார்ப்பது, சமையல்காரருக்குக் கடைசி எண்ணைச் சொல்வது. அந்த எண்ணை ஐந்து நாளுக்கு முன் சொன்ன பிறகு மாற்றக் கூடாது. மூன்று நாள் இருக்கும்போது உங்கள் போனில் இருக்கிற எல்லா ஆட்களின் நம்பரையும் ஒரு தாளில் எழுதி, அண்ணனிடம் கொடுத்துவிட்டு, “இனி அண்ணனிடம் பேசுங்கள்” என்று அவர்களுக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். அதே தாளின் ஒரு பிரதி மண்டபத்து ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டப்பட வேண்டும். ஸ்டோர் ரூம் சாவி ஒருவரிடம், நகை இருக்கும் அறைச் சாவி வேறொருவரிடம். அந்த இரண்டு பேரும் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஐயர் கொடுத்த பட்டியலில் இருப்பதெல்லாம் வந்துவிடும். பட்டியலில் இல்லாததுதான் வராது: கத்தரிக்கோல், ஊக்கு, தீப்பெட்டி, தேங்காய் உடைக்க அரிவாள், மாப்பிள்ளை முகம் துடைக்க ஒரு நல்ல துண்டு. ஒரு சின்ன டப்பாவில் போட்டு மேடைக்குப் பக்கத்தில் உட்காருகிற சித்தியிடம் கொடுங்கள். ஆவணி மாலையில் திடீரென்று மழை பிடிக்கும். பந்தியோ வரவேற்போ வெட்டவெளியில் இருந்தால் மேலே தகரமோ தார்ப்பாயோ உண்டா என்று பந்தல்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று: திருமணப் பதிவு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி, கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் 150 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். ஆனால் மாப்பிள்ளை இரண்டு வாரத்தில் விமானம் ஏறுகிறார், பதிவுக்கு இருவரும் நேரில் போக வேண்டியிருக்கலாம். உங்களுக்கு அங்கே குடும்ப விசா எடுக்க இந்தச் சான்றிதழ் தேவை. அதன்மேல் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அத்தாட்சி வாங்கவும் நாளாகும். ஆகவே கல்யாணத்துக்கு அடுத்த வேலை நாட்களிலேயே ஒரு நாளை இதற்கென்று வைத்துவிடுங்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, இருவர் புகைப்படம், பத்திரிகை, சாட்சிகள் என்று கேட்பார்கள். மண்டபம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு உட்பட்டதோ அங்கே அப்பா ஆடியிலேயே ஒரு நடை போய், என்னென்ன வேண்டும், சாட்சிகள் எந்த அடையாள அட்டையோடு வர வேண்டும் என்று எழுதிக்கொண்டு வரட்டும். விண்ணப்பத்தில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியல் விரிவு உட்பட, எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். மறுவீட்டுக்கும் விருந்துக்கும் நாள் குறிக்கும்போது அந்த ஒரு நாளை விட்டுவிட்டுக் குறிக்கும்படி சம்பந்தி வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். ரூம் கணக்கு கேட்கிற அதே போனில் மாமா இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.